டர்பனில் ஆடிக் கூழ்

ஆடி பிறந்தால் நாம் மாரியம்மனுக்குக் கம்பிலோ ராகியிலோ கூழ் ஊற்றுகிறோம். தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் ஊற்றுகிறார்கள். மாவுதான் வேறு, மக்காச்சோளம்!

1860 நவம்பர் 16 அன்று, சென்னையில் புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு டர்பன் சேர்ந்தது. படியாக அரிசி உண்டு என்றாலும், அதற்குப் பதிலாக அங்கே மலிவான மக்காச்சோள மாவையும் அளந்தார்கள். கம்பு காய்ச்சிப் பழகிய கைகள் அதையும் கரைத்து, புளிக்கவிட்டு, கூழாக்கின. நாமக்கல் பக்கம் அது கோழித்தீவனம். அங்கே அம்மன் படையல்.

அவர்கள் பேரன் பேத்திகள் வீட்டில் இன்று பேச்சு பெரும்பாலும் ஆங்கிலம்தான். கூழுக்கு மட்டும் பெயர் மாறவில்லை, 'கூழு'.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளே, உங்கள் அடுப்பில் எது மாறியது, எது மாறவில்லை? எழுதுங்கள்.