இறுதிச் சடங்கை நிறுத்திய எதிர்ப்பு: சேஷாசலம் துப்பாக்கிச்சூடும் ஜவ்வாது மலை வட்டாரமும்

முன்னுரை

ஜவ்வாது மலையிலும் அதன் அடிவாரத்திலும் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் அண்மைக்கால வரலாற்றில் 2015 ஏப்ரல் 7 ஒரு திருப்புமுனையாகும். அன்று ஆந்திரத்தின் சேஷாசலக் காட்டில் செம்மரக் கடத்தல் தடுப்புச் சிறப்புப் படை சுட்டதில் 20 பேர் இறந்தனர். அவர்கள் திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டங்களைச் சேர்ந்த தமிழகத் தொழிலாளர்கள். இந்நிகழ்வைத் தொடர்ந்து எழுந்த அறவழி எதிர்ப்பையும் அது சந்தித்த தடைகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

எதிர்ப்பின் வடிவம்

வெட்டுக்காரர்கள் தாக்கியதால் தற்காப்புக்காகச் சுட்டதாகக் காவல்துறை கூறியது. உயிர் தப்பியவர்களோ, உடன் சென்றவர்கள் முந்தைய நாளே பேருந்திலிருந்து இறக்கி அழைத்துச் செல்லப்பட்டதாகத் தேசிய மனித உரிமை ஆணையத்திடம் சாட்சியம் அளித்தனர். இம்முரணின் நடுவே, திருவண்ணாமலை மாவட்டத்தைச் சேர்ந்த ஆறு பேரின் உறவினர் இறுதிச் சடங்கை நிறுத்திவைத்து மறு உடற்கூறாய்வு கோரினர். உடல்களைப் பாதுகாக்கச் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. ஐதராபாத்தில் இயங்கிய உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி மறு ஆய்வு நடந்தது. துக்கத்தை ஒத்திவைத்ததே இக்குடும்பங்களின் போராட்டக் கருவியாயிற்று. சடங்கு முடிந்திருந்தால் உடல்களோடு சான்றும் அழிந்திருக்கும்.

தடைகள்

முதல் தடை எல்லை. இறந்தவர்களின் ஊர் ஒரு மாநிலத்தில்; வழக்கு மற்றொரு மாநிலத்தில். விசாரணையை ஆந்திர அரசே அமைத்த சிறப்புப் புலனாய்வுக் குழு மேற்கொண்டது. மனித உரிமை ஆணையம் பரிந்துரைத்த மத்தியப் புலனாய்வு விசாரணை உயர்நீதிமன்றத் தடையால் நின்றது. இரண்டாவது தடை, 'கடத்தல்காரர்' என்னும் முத்திரை. கூலிக்கு மரம் வெட்டியவரும் மரத்தை விற்று ஈட்டுபவரும் இம்முத்திரையில் ஒன்றாயினர். மூன்றாவது தடை பிழைப்பு. மலையில் போதிய வேலையின்மை நீடிக்கும் வரை இடைத்தரகர்களின் முன்பணத்துக்கு ஆள் கிடைக்கும். துப்பாக்கிக்கும் இலக்கு கிடைக்கும்.

ஒப்பீடு

தருமபுரி மாவட்ட வாச்சாத்தியில் 1992இல் சந்தனமரத் தேடலின் பெயரால் நடந்த வன்கொடுமைக்கு 2011இல் தண்டனை கிடைத்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிருடன் இருந்த 215 பேரும் தண்டிக்கப்பட்டனர். 2023இல் சென்னை உயர்நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. அங்குப் பாதிக்கப்பட்டோரே சாட்சிகளாய் நின்றனர். வழக்கும் ஒரே மாநிலத்துக்குள் நடந்தது. பாலஸ்தீனத்தின் பிலின் ஊர் மக்கள் 2005 முதல் வாரந்தோறும் அறவழியில் திரண்டு, நீதிமன்றத்தையும் நாடினர். 2007இல் இஸ்ரேலிய உச்சநீதிமன்றம் தடுப்புவேலியின் பாதையை மாற்றப் பணித்தது. வேலி நகர 2011 ஆயிற்று. தீர்ப்புக்கும் நிறைவேற்றத்துக்கும் இடையிலான கால இடைவெளியே அறவழிப் போராளிகளின் பொறுமையை மிகுதியும் சோதிக்கிறது.

முடிவுரை

ஆயுதமற்ற எதிர்ப்பு ஜவ்வாது மலை வட்டாரத்தில் சான்றைக் காத்தது, பொறுப்பேற்பைப் பெற்றுத்தரவில்லை. மாநில எல்லையைக் கடந்த சுதந்திரமான விசாரணையும், மலையிலேயே வாழ்வாதாரமும் அமையாதவரை அங்கு நிலவும் அமைதி தற்காலிகமானதே.