மெண்டல் வளர்த்த வல்லூற்றுப் பூண்டு

பணியின் பொருட்டுப் பிறந்த ஊரை விட்டு வந்துள்ள நம்மில் பலருக்கு, மாடியிலோ வாசலிலோ உள்ள நாலைந்து தொட்டிகளே தோட்டம். அத்தகைய சிறு தோட்டத்திலும் நாம் எதிர்பார்த்ததற்கு மாறாக ஒரு செடி வளர்ந்து நம்மைத் திகைக்க வைப்பதுண்டு. உலகப் புகழ்பெற்ற தோட்டக்காரர் ஒருவருக்கும் அவ்வாறே நேர்ந்தது. அவர் கிரெகர் மெண்டல். அவரைத் திகைக்கவைத்த செடியை ஆங்கிலத்தில் 'ஹாக்வீட்' என்பர். நாம் அதனை வல்லூற்றுப் பூண்டு எனலாம். வல்லூறுகள் இதன் பாலைக் கண்ணில் இட்டுப் பார்வையைக் கூர்மையாக்கிக் கொள்ளும் என்ற பழங்கால நம்பிக்கையே இப்பெயருக்குக் காரணம்.

ஐரோப்பாவின் குளிர்ந்த நிலங்களில் இது தானாகவே வளர்கிறது. இலைகள் தரையோடு படிந்து வட்டமாக அமையும். நீண்ட காம்பின் நுனியில் மஞ்சள் அல்லது செம்மஞ்சள் பூக்கள் மலரும். வளமற்ற மண்ணும் நல்ல வெயிலும் இருந்தால் போதும்; எருவை இது நாடுவதில்லை. சில வகைகள் தரையில் ஓடும் தண்டுகளாலும் பரவும்.

இன்று செக் குடியரசில் உள்ள பிர்னோ நகரத்து மடாலயத்தில் மெண்டல் 1843 ஆம் ஆண்டில் சேர்ந்தார். 1856 முதல் 1863 வரை அங்கே பட்டாணிச் செடிகளை ஆராய்ந்து, பெற்றோரின் பண்புகள் சந்ததிகளில் பிரிந்து தோன்றும் விதியைக் கண்டறிந்தார். 1866 இல் அக்கட்டுரை அச்சாயிற்று. அவ்வாண்டின் இறுதியில், மியூனிக் நகரப் பேராசிரியர் நேகெலிக்கு அதனை அனுப்பிக் கடிதம் எழுதினார். நேகெலி வல்லூற்றுப் பூண்டில் தேர்ந்த அறிஞர். அவரே மெண்டலை இச்செடியின்பால் திருப்பினார் என்று சொல்வதுண்டு. ஆயினும், இதனைத் தாம் முன்னரே தேர்ந்துகொண்டதாக மெண்டல் தம் முதற் கடிதத்திலேயே எழுதியுள்ளார்.

வளர்ப்பது எளிதாயினும், கலப்பினம் செய்வது கடினமாயிற்று. நம் சாமந்தியைப் போலவே, இதிலும் ஒரு பூ எனத் தோன்றுவது பல நுண்ணிய பூக்களின் தொகுதியாகும். ஒவ்வொன்றிலும் மகரந்தப்பையை மலருமுன் நீக்க வேண்டும். பூதக் கண்ணாடியும் பிரதிபலிக்கும் ஆடியும் கொண்டு இவ்வேலையைச் செய்த மெண்டலின் கண்கள் 1869 இல் நோயுற்றன. சில மாதங்கள் பணியை நிறுத்த நேர்ந்தது. பார்வையைக் கூர்மையாக்கும் எனப் பெயர்பெற்ற செடியே அவர் பார்வைக்குத் துன்பமாயிற்று!

பயனோ முற்றிலும் மாறாக இருந்தது. பட்டாணியில் முதல் தலைமுறைக் கலப்பினங்கள் ஒரே வகையாக இருந்தன. அடுத்த தலைமுறையில் பண்புகள் பிரிந்தன. இங்கோ முதல் தலைமுறையிலேயே வேறுபாடு தோன்றியது. பின்னர் ஒவ்வொரு செடியும் தன்னையொத்த செடிகளையே ஈன்றது. தம் முந்திய முடிவுக்கு இது பொருந்தவில்லை என்பதை மெண்டல் மறைக்கவில்லை. 1869 ஜூன் 9 அன்று பிர்னோ இயற்கை ஆராய்ச்சிக் கழகத்தில் கண்டவாறே படித்தார். 1868 இல் மடாதிபதியாகியிருந்த அவரை நிருவாகப் பொறுப்புகள் சூழ்ந்தன, ஆராய்ச்சி நின்றது. 1884 இல் காலமானார்.

புதிரின் விடை 1903 இல் கிடைத்தது. ராங்கியர், ஓஸ்டென்ஃபெல்டு என்ற டென்மார்க் அறிஞர் இருவர், விரியாத மொட்டுகளின் மேற்பகுதியை மகரந்தப்பையும் சூல்முடியும் சேர அறுத்து எறிந்தனர். எனினும் விதைகள் முதிர்ந்தன! இச்செடியின் பல வகைகள் மகரந்தச் சேர்க்கையின்றியே விதை ஈனும். அவ்விதைகள் தாயின் நகல்களே. தாய்ச் செடியில் மறைந்து கிடந்த வேறுபாடுகள் அரிதாக நிகழும் கலப்பில் மட்டுமே வெளிப்பட்டன. மெண்டலின் விதியும் பிழையன்று. அவர் குறித்துவைத்ததும் பிழையன்று.

இவ்வரலாறு தோட்டம் போடுவோருக்கும் பயன்படுவது. துணையின்றி விதை ஈனும் செடி ஒன்றே ஒன்று தப்பினாலும் போதும். அழகுக்காக ஐரோப்பாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட செம்மஞ்சள் வகை, வட அமெரிக்காவில் பெருங்களையாகப் பரவியது இவ்வாறே. குளிர்ந்த மலையூர்களில் வாழும் நேயர் எவரேனும் இதனை வளர்க்க எண்ணினால், தரையில் நடாமல் தொட்டியிலேயே வைத்து, பூக்கள் வாடியவுடன் கிள்ளிவிடுதல் வேண்டும். பஞ்சு கட்டிய விதை காற்றில் ஏறிவிட்டால் பிறகு யாராலும் அதனைத் தடுக்க இயலாது.