புக்கித் தீமா ரயில் நிலையம்

ஒரு ரயில் நிலையத்தின் பெருமையை எதைக் கொண்டு அளப்பது? விற்ற டிக்கெட்டுகளைக் கொண்டா? மேடையின் நீளத்தைக் கொண்டா? கூரையின் உயரத்தைக் கொண்டா? இவற்றுள் எதைக் கொண்டு அளந்தாலும் சிங்கப்பூரின் புறநகரில் உள்ள புக்கித் தீமா நிலையம் மிகச் சிறியதே. செங்கல்லாலான சிறு கட்டடம், எதிரே தண்டவாளம், சுற்றிலும் மரங்கள். ஆயினும், ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் இத்தீவைக் கடந்து சென்ற ரயில்களின் பாதுகாப்பு இந்நிலையத்தின் கையில் இருந்தது. அது எவ்வாறு என்பதை ஈண்டுக் காண்போம்.

சிங்கப்பூரில் பயணிகளுக்கான ரயில் பாதை 1903ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் திறக்கப்பட்டது. தண்டாயுதபாணி திருக்கோயிலால் நம்மவர் நன்கறிந்த டேங்க் ரோட்டிலிருந்து அது புக்கித் தீமா வரை சென்றது. அவ்வாண்டு ஏப்ரலில் உட்லண்ட்ஸ் வரை நீண்டது. அங்கிருந்து ஜோகூருக்குச் செல்வோர் நீரிணையைப் படகில் கடக்க வேண்டியிருந்தது. 1923இல் கடற்பாலத்தின் மீது ரயில் ஓடத் தொடங்கியதும் அக்குறை நீங்கிற்று.

ஆனால், பழைய பாதை நகரச் சாலைகளைப் பல இடங்களில் சமதளத்தில் குறுக்கிட்டது. மோட்டார் வண்டிகள் பெருகவே இடையூறும் பெருகியது. எனவே, புக்கித் தீமா அருகிலிருந்து தஞ்சோங் பாகாருக்குப் புதிய பாதை ஒன்று அமைக்கப்பட்டது. சாலைகளுக்கு மேலே பாலங்களில் ரயில் சென்றது. 1932ஆம் ஆண்டு மே மாதம் தஞ்சோங் பாகார் நிலையம் திறக்கப்பட்டது. இன்று நாம் காணும் புக்கித் தீமா நிலையக் கட்டடமும் அதன் அருகிலுள்ள இரும்புப் பாலமும் அப்புதிய பாதையோடு எழுந்தவையே.

இந்நிலையம் ஆற்றிய பணிகள் பல. 1933இல் குதிரைப் பந்தயத் திடல் புக்கித் தீமாவுக்கு வந்தபின், பந்தயக் குதிரைகள் ரயிலில் வந்து இங்கே இறங்கின. ஜூரோங் தொழிற்பேட்டை உருவான 1960களின் நடுவில், சரக்கு ரயிலுக்கென ஒரு கிளைப்பாதை இங்கிருந்து பிரிந்து சென்றது. 1990களின் தொடக்கத்தில் அதன் பயன் ஒழிந்தது. கடைசி ஆண்டுகளில் பயணிகள் ஏறி இறங்கும் வழக்கமும் இங்கு இல்லை. பின்னர் நிலையம் எதற்காக இருந்தது?

விடை, பாதையின் அமைப்பிலேயே உள்ளது. அது ஒற்றைப் பாதை. வடக்கே செல்லும் வண்டியும் தெற்கே வரும் வண்டியும் ஒரே தண்டவாளத்தில் ஓடின. இரண்டும் ஒன்றையொன்று கடக்க வேண்டுமாயின், ஒன்று எங்கேனும் ஒதுங்கி நிற்க வேண்டும் அன்றோ? புக்கித் தீமாவில் ஒற்றைப் பாதை இரண்டாகப் பிரிந்து, நிலையத்தைக் கடந்தபின் மீண்டும் ஒன்றாயிற்று. ஒரு வண்டி ஒதுங்கி நிற்க, மற்றது கடந்து செல்லும்.

மோதல் நேராமற் காத்தது ‘டோக்கன்’ முறை. டோக்கன் என்பது சாவி போன்றதோர் உலோகத் துண்டு. பாதையின் ஒரு பகுதிக்குள் நுழைய வேண்டுமானால், அப்பகுதிக்குரிய டோக்கன் ஓட்டுநரின் கையில் இருக்க வேண்டும். பகுதியின் இரு முனைகளிலும் உள்ள கருவிகள் மின் கம்பியால் இணைக்கப்பட்டிருந்தன. ஒரு டோக்கன் வெளியே இருக்கும்வரை, எந்த முனையிலும் அடுத்த டோக்கன் வெளிவராது. ஆகவே, ஒரு பகுதியில் ஒரே நேரத்தில் ஒரே வண்டிதான் இருக்க முடியும். டோக்கனைப் பையிலிட்டு, பெரிய வளையமொன்றில் கோத்து, நிலைய ஊழியர் மேடையில் நிற்பார். நில்லாமற் செல்லும் வண்டியிலிருந்து பழைய வளையம் வந்து சேரும்; புதிய வளையம் கைமாறும். ஓடும் வண்டிக்கும் நிற்கும் மனிதருக்கும் இடையே நொடிப்பொழுதில் நிகழும் இக்கைமாற்றத்தை நம்பியே நூற்றுக்கணக்கான பயணிகள் உறங்கிச் சென்றனர்.

சிங்கப்பூரும் மலேசியாவும் 1965இல் பிரிந்த பின்னரும் இப்பாதை மலாயா ரயில்வேயின் பொறுப்பிலேயே இருந்தது. 2010ஆம் ஆண்டு மே மாதம் இரு நாட்டுப் பிரதமர்களும் உடன்பாடு கண்டனர். 2011 ஜூன் 30 இரவு தஞ்சோங் பாகாரிலிருந்து கடைசி ரயில் புறப்பட்டது. அதனை ஓட்டிச் சென்றவர் ஜோகூர் சுல்தான் இப்ராகிம். மறுநாள் முதல் ரயில்கள் உட்லண்ட்சோடு நின்றன. அவ்வாண்டே புக்கித் தீமா நிலையம் பாதுகாக்கப்பட வேண்டிய கட்டடமாக அறிவிக்கப்பட்டது. தீவின் பெரும்பகுதியில் தண்டவாளங்கள் அகற்றப்பட்டன; நிலையத்தை ஒட்டிச் சிறிது தூரம் விடப்பட்டது. பாதை மக்கள் நடந்து செல்லும் பசுமை வழியாயிற்று. செப்பனிடப்பட்ட நிலையம் 2022 ஜூலையில் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது.

கட்டடம் நின்றது, மகிழ்ச்சியே. ஆனால், கட்டடம் மட்டுமா நிலையம்? மலாயாவில் தண்டவாளம் பதித்ததிலும் அதைப் பேணியதிலும் தென்னிந்தியத் தமிழ்த் தொழிலாளரின் உழைப்பு பெரிது. நிலைய அதிகாரிகளாகவும் எழுத்தர்களாகவும் யாழ்ப்பாணத் தமிழர் பலர் பணிபுரிந்தனர். செங்கல்லைக் காக்கச் சட்டம் உண்டு. அவர்களுடைய தொழிலறிவையும், அத்தொழிலில் அவர்கள் வழங்கிய சொற்களையும் காக்க எச்சட்டமும் இல்லை. வளையத்தைக் கைமாற்றியவர், கைகாட்டியை இறக்கியவர், இரவில் தண்டவாளத்தைச் சோதித்து நடந்தவர் எல்லோரும் முதுமை எய்திவிட்டனர்.

இங்கேதான் தமிழாசிரியர்களின் துணை வேண்டப்படுகிறது. மாணவர்களை இந்நிலையத்துக்கு அழைத்துச் செல்வதோடு அமையாமல், ரயில்வேயில் பணியாற்றிய தாத்தாமார் உள்ள வீடுகளுக்கும் அனுப்புங்கள். அவர்கள் சொல்லும் ஒவ்வொரு சொல்லையும் மாணவர் எழுதி வரட்டும். ஒரு வண்டி பத்திரமாக வந்து சேர்ந்தால்தான் அடுத்த வண்டிக்குரிய டோக்கன் வெளிவரும். முன்னோரின் வரலாறும் இளைய தலைமுறையின் கையில் அவ்வாறே பத்திரமாக வந்து சேர வேண்டும்.