திருவனந்தபுரத்தின் இரு அரங்குகள்

இராசிபுரத்தில் கல்லூரி மாணவர் ஓடும் மண் தடத்தை நாள்தோறும் காணும் நமக்கு, திருவனந்தபுரத்துப் பல்கலைக்கழக விளையாட்டரங்கின் வரலாறு அயலார் கதையாகத் தோன்றவில்லை.

1937இல் தோன்றிய திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம், 1957இல் கேரளப் பல்கலைக்கழகமாயிற்று. கோதவர்ம ராஜாவின் முயற்சியால் அது மாணவர்க்கென அமைத்த களம் இது. 1984 அக்டோபரில் இங்கு நடந்த இந்திய–ஆஸ்திரேலிய ஒருநாள் ஆட்டம் மழையால் முடிவின்றிப் போயிற்று. 1988 ஜனவரி 25 அன்று தமிழகத்து ஸ்ரீகாந்த் 101 ஓட்டங்கள் குவித்தார். மேற்கிந்தியரோ ஒன்பது விக்கெட் மீதமிருக்க எளிதாக வென்றனர். (அந்த நூறு வீணானதில் நமக்கு இன்றும் வருத்தமுண்டு.)

அதன்பின் அந்நகரம் பன்னாட்டுக் கிரிக்கெட்டைக் கண்டது 2017 நவம்பரில்தான். இடம் வேறு: 2015 தேசிய விளையாட்டுப் போட்டிகளுக்கென, காரியவட்டத்தில் பல்கலைக்கழக நிலத்தைக் குத்தகைக்குப் பெற்று எழுப்பிய கிரீன்ஃபீல்ட் அரங்கு. 2023இல் இலங்கையை இந்தியா 317 ஓட்ட வேறுபாட்டில் வென்றது அங்கேதான்.

நிலம் பல்கலைக்கழகத்தினுடையது, ஆயினும் பெரிய ஆட்ட நாட்களில் அதன் மாணவனும் நுழைவுச்சீட்டு வாங்கும் பார்வையாளனே. ஆகவே பழைய அரங்குக்கு 1988இன் ஆரவாரம் மீளவேண்டும் என்று நாம் வாதிடமாட்டோம். காலையில் ஓட வரும் மாணவிக்கு அதன் கதவு திறந்திருத்தல் வேண்டும். ஓடுதளப் பராமரிப்பு, பல்கலைக்கழக வரவுசெலவுத் திட்டத்தில் கடைசி வரியாக நில்லாதிருத்தல் வேண்டும்.