அரவநாவன் கிரீமா: ஒரு கையாளின் முடிவும் அதன் பாடபேதங்களும்

பெரும்போர்களைச் சொல்லும் நெடுங்கதைகளில் தலைமைப் பகைவனின் வீழ்ச்சிக்குப் பல பக்கங்கள் ஒதுக்கப்படுகின்றன. அவனுக்கு அடுத்த நிலையில் இருக்கும் சிறு பகைவனுக்கு ஓர் அத்தியாயம் கிடைக்கலாம். அந்தச் சிறு பகைவனின் கையாளுக்கோ இரண்டு மூன்று வரிகள்தாம். ஜே.ஆர்.ஆர். டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' மூன்று தொகுதிகளாக 1954, 1955ஆம் ஆண்டுகளில் வெளிவந்தது. அதில் மந்திரவாதி சாருமானின் கையாளான கிரீமா அப்படித்தான் சாகிறான். அந்த இரண்டு மூன்று வரிகள் எவ்வாறு எழுதப்பட்டன, பின்னர் திரையில் எவ்வாறு மாற்றப்பட்டன என்று தொடர்ந்து பார்த்தால், நூலின் மையமான அறக்கேள்வி ஒன்று அங்கே ஒளிந்திருப்பதை நாம் காணலாம்.

கதையை அறியாதோர்க்குச் சுருக்கமாகச் சொல்வோம். குதிரை வீரர்களின் நாடான ரோஹனில் தியோடன் என்னும் முதிய அரசனின் ஆலோசகன் கிரீமா. அவன் இரகசியமாகச் சாருமானுக்கு வேலை செய்கிறான். அரசனின் காதில் சோர்வை ஓதி ஓதி, எழுந்து நடக்கவும் இயலாதவனாக அவனை ஆக்கிவிடுகிறான். இதற்கு அவன் எதிர்பார்த்த கூலி அரசனின் மருமகள் எயோவின்.

டோல்கீன் ஆக்ஸ்ஃபோர்டில் 1925 முதல் 1945 வரை பழைய ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர். அவர் காரணமின்றிப் பெயர் வைப்பதில்லை. முதல் வரைவுகளில் இவன் பெயர் ஃப்ரானா. பிறகே கிரீமா ஆயிற்று. பழைய ஆங்கிலத்தில் அச்சொல்லுக்கு முகமூடி என்று பொருள். தந்தையின் பெயரான கால்மோட் காமவெறி கொண்ட மனத்தைக் குறிக்கும். ஊரார் வைத்த பட்டப்பெயர் 'வோர்ம்டங்'. இன்றைய ஆங்கிலத்தில் முதற்சொல் புழு. பழைய ஆங்கிலத்திலோ பாம்பு. எனவே 'அரவநாவன்' என்று நாம் சொல்லலாம். ஐஸ்லாந்துப் பழங்கதைகளில் வசைக்கவி குன்லாகுக்கும் இதே பொருளுடைய பட்டம் உண்டு.

அரசனின் காலடிப் படியில் அமர்ந்து, வரும் விருந்தினரை ஏளனம் செய்யும் இவனுடைய முன்னோடியைப் 'பேவுல்ஃப்' என்னும் பழைய ஆங்கிலக் காப்பியத்தில் காண்கிறோம். அங்கே அரசன் ஹ்ரோத்காரின் காலடியில் அமர்ந்து வீரனை இகழ்பவன் உன்ஃபெர்த். ஆனால் அவனே பின்னர் தன் வாளை அந்த வீரனுக்கு இரவல் கொடுத்து மரியாதையைப் பாதியேனும் மீட்டுக்கொள்கிறான். கிரீமாவோ அரசனின் வாளைத் தன் பெட்டியில் வைத்துப் பூட்டியவன். முன்னோடிக்குக் கிடைத்த மீட்சி இவனுக்குக் கிடைக்கவில்லை.

வாய்ப்பு வரவில்லை என்பதன்று. மூன்று முறை வந்தது. டோல்கீன் நூலின் பின்னிணைப்பில் தரும் காலவரிசைப்படி முதல் வாய்ப்பு மூன்றாம் யுகம் 3019, மார்ச் 2 அன்று. அரசன் தெளிந்தெழுந்து, தன்னோடு போருக்கு வந்து உண்மையை நிறுவு அல்லது விரும்பிய இடத்துக்குப் போ என்கிறான். அக்காட்சியில் மந்திரவாதி காண்டால்ஃபின் பேச்சைத் தமிழ் இலக்கணம் பயின்றவர்கள் கூர்ந்து கவனிக்க வேண்டும். பாம்பு என்று சுட்டி, கொல்வதும் நியாயமே என்று சொல்லும் வரையில் அவர் கிரீமாவை 'அது' என்றே குறிக்கிறார். முன்பு மனிதனாக இருந்தான் என்று நினைவூட்டும்போதும் அந்த அஃறிணை மாறவில்லை. ஒரு குதிரை கொடுத்து அனுப்புங்கள் என்று சொல்லும் வாக்கியத்தில்தான் 'அவன்' வருகிறது. மன்னிப்பு கிடைக்கும் கணத்தில் அஃறிணை உயர்திணையாகிறது. கிரீமா அந்த உயர்திணையை ஏற்கவில்லை. அரசன் முன் துப்பிவிட்டுச் சாருமானிடம் ஓடுகிறான்.

இரண்டாவது வாய்ப்பு ஆகஸ்ட் 28 அன்று வழியில் வருகிறது. சாருமான் தோற்றுப் பிச்சைக்காரனாக அலைகிறான். கிரீமா அவன் பின்னால் அடிபட்டுக்கொண்டே நடக்கிறான். அவனை வெறுக்கிறேன், விட்டுப் போக முடிந்தால் நன்றாயிருக்கும் என்று முனகுகிறான். அப்படியானால் விட்டுவிடு என்கிறார் காண்டால்ஃப். கிரீமா அச்சத்தோடு ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சாருமானின் பின்னாலேயே போய்விடுகிறான்.

மூன்றாவது, நவம்பர் 3 அன்று, ஃப்ரோடோவின் வீட்டு வாசலில். இவனைப் பின்தொடர வேண்டியதில்லை, உணவும் ஓய்வும் தருகிறேன் என்கிறான் ஃப்ரோடோ. கிரீமா நிற்கிறான், தங்கிவிட அரைமனம் வந்துவிட்டது. அப்போது சாருமான் சிரித்தபடி, ஃப்ரோடோவின் உறவினன் லோதோவைக் கொன்றவன் இவனே என்று வெளிப்படுத்துகிறான். நீதான் செய்யச் சொன்னாய் என்று கிரீமா கதற, முகத்தில் உதை விழுகிறது. நாயைப் போல் உறுமி எழுந்து எசமானின் கழுத்தை அறுத்துவிட்டு ஓடுகிறான். ஃப்ரோடோ ஒரு சொல் சொல்வதற்குள் மூன்று அம்புகள் பாய்ந்து விழுந்து இறக்கிறான். எவரையும் கொல்ல வேண்டாம் என்று சொல்லிவந்தவன் ஃப்ரோடோ. மூன்றாம் மன்னிப்புக்குக் கிரீமாவின் விடை என்னவாக இருந்திருக்கும் என்பது அந்த அம்புகளோடு புதைந்துபோயிற்று.

இந்த முடிவு முதலிலேயே இப்படி அமையவில்லை. கிறிஸ்டோபர் டோல்கீன் தம் தந்தையின் வரைவுகளைப் பதிப்பித்து 1992இல் வெளியிட்ட 'சாரான் டிஃபீட்டட்' தொகுதி இதைக் காட்டுகிறது. முதல் வரைவில் ஊரைச் சூறையாடிய தலைவன் சாருமானே அல்லன். ஒரு சாதாரண முரடன். அவனைக் கொல்பவன் ஃப்ரோடோ. எழுத எழுதத்தான் அத்தலைவன் சாருமானாக மாறினான். ஃப்ரோடோ வாளெடுக்காதவனாகத் தூய்மையடைந்தான். கொல்லும் கை இடம் மாறிக் கிரீமாவுக்கு வந்தது. நாயகனின் கை சுத்தமாக இருக்க வேண்டுமானால் அந்தக் கறையை யாரேனும் ஏற்றாக வேண்டும். கதை அதைக் கையாளின் தலையில் வைத்தது என்றே நாம் இந்தப் பாடபேதத்தைப் படிக்கிறோம்.

1980இல் வெளிவந்த 'அன்ஃபினிஷ்ட் டேல்ஸ்' தரும் இன்னொரு குறிப்பும் இங்கே பொருந்தும். அதன் ஒரு பாடத்தில் கறுப்புக் குதிரை வீரர்கள் கிரீமாவை வழிமறித்து, அவன் அச்சத்தில் உளறியதைக் கேட்டுக்கொண்டு, கொல்லாமல் விடுகிறார்கள். இவன் உயிரோடிருந்தால் என்றேனும் சாருமானுக்குப் பெருந்தீங்கு செய்வான் என்பது அவர்கள் தலைவனின் கணிப்பு. நல்லவர்கள் திருந்துவான் என்று நம்பி விட்டார்கள். தீயவர்கள் கொல்வான் என்று நம்பி விட்டார்கள். பலித்தது பின்னதே.

பீட்டர் ஜாக்சனின் 2003ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் இந்தச் சாவுக்கு இடமே இல்லை; திரையரங்கப் பதிப்பிலிருந்து அக்காட்சி நீக்கப்பட்டது. 2004இல் வந்த நீட்டித்த பதிப்பில் கோபுர உச்சியில் கிரீமா சாருமானைக் குத்துகிறான். லெகோலாஸ் அவனை எய்து வீழ்த்துகிறான். கீழே வா என்று அவனை அழைப்பவர் தியோடன். மூன்று அழைப்புகள் ஒன்றாகச் சுருங்கின. கொன்றவர்கள் கோபங்கொண்ட ஊரார் அல்லர், நாயக அணியின் வில்லாளி. ஆகவே மன்னிக்க முயன்றவனின் கண்முன்னே அவனுடைய மக்களே மன்னிப்பைத் தோற்கடித்தார்கள் என்னும் கசப்பு திரையில் இல்லை.

கிரீமாவை நல்லவனாக்குவது நம் நோக்கமன்று. அவன் அரசனை வஞ்சித்தான், உறங்கியவனைக் கொன்றான். ஆயினும் அவன் பெயர் தேய்ந்த வரலாற்றை ஒருமுறை பார்க்கலாம். கால்மோடின் மகன் கிரீமா அரவநாவன் ஆனான். இறுதியில் எசமானின் வாயில் வெறும் 'வோர்ம்' ஆனான். கடைசி நாளில் ஃப்ரோடோ ஒருவன்தான் அவனிடம் மனிதனிடம் பேசுவதுபோல் பேசினான். அதைக் கேட்டு அவன் நின்றான். அந்த நிற்றலுக்கு நூல் ஒரே ஒரு வாக்கியத்தைத்தான் தருகிறது. மறுவாசிப்பில் நாம் சற்று நேரம் தங்க வேண்டிய இடம் அதுவே.