தஞ்சைக் கல்வெட்டும் 21 படங்களும்

துண்டு துண்டாக எடுத்த படங்களை ஒட்டி ஒரே நீளப் படமாக்குவது கம்ப்யூட்டர் வந்த பிறகு பிறந்த வித்தை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் தமிழ்நாட்டில் அது 1858லேயே நடந்துவிட்டது. அதுவும் தஞ்சைப் பெரிய கோயிலில்!

அதைச் செய்தவர் லின்னேயஸ் டிரைப் (1822-1902). கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் அதிகாரி. 1856ல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டார். ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று சுற்றி, மெழுகு ஏற்றிய காகித நெகடிவ்களில் படம் எடுத்தார்.

தஞ்சை விமானத்தின் அடிப்பகுதியில் கல்வெட்டு வரிகள் நீளமாக ஓடுகின்றன. முழுவதும் ஒரே படத்தில் வர வேண்டுமானால் தள்ளி நிற்க வேண்டும். தள்ளி நின்றால் எழுத்து பொடியாகிவிடும். ஆகவே பகுதி பகுதியாக எடுத்து, 21 பிரதிகளை வரிசையாக ஒட்டினார். மொத்த நீளம் சுமார் 19 அடி.

இந்த வேலை நீடிக்கவில்லை. 1859ல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெல்யன், இது வீண் செலவு என்று நிறுத்தச் சொல்லிவிட்டார்.

அந்த எழுத்துக்களின் மதிப்பு பின்னால்தான் தெரிந்தது. பெரிய கோயிலைக் கட்டியவர் கரிகாலன் என்றெல்லாம் அப்போது கதைகள் உலவின. 1886ல் அரசுக் கல்வெட்டு ஆய்வாளராக வந்த ஹுல்ஷ், கல்வெட்டுகளைப் படித்து, கட்டியவர் முதலாம் ராஜராஜ சோழன் என்று நிறுவினார். ஊர்க்கதைக்கு எதிராகச் சாட்சி சொன்னவை கல்லில் இருந்த எழுத்துக்களே.

டிரைப் கையால் செய்ததை இன்று மென்பொருள் செய்கிறது. 1998ல் ஹெல்முட் டெர்ஷ் 'பனோரமா டூல்ஸ்' வெளியிட்டார். அதில் இரண்டு படங்களிலும் உள்ள பொதுவான புள்ளிகளை மனிதர் குறித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. கனடாவில் மேத்யூ பிரவுனும் டேவிட் லோவும் 2003ல் வெளியிட்ட ஆய்வு, அந்தப் புள்ளிகளைக் கம்ப்யூட்டரே கண்டுபிடிக்க வழி செய்தது. பிறகு படங்களை வளைத்துப் பொருத்தி, ஒட்டுத் தெரியாதபடி வெளிச்சத்தைக் கலந்துவிடுகிறது.

சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. சமதளச் சுவர் நன்றாகப் பொருந்தும். முன்னும் பின்னும் நீட்டிய தூணும் பட்டியலும் இருந்தால், கேமரா நகரும்போது அவை இடம் மாறித் தெரியும். மென்பொருள் அதை மறைக்கப் பார்க்கும்போது ஓர் எழுத்து இரண்டாகலாம், அல்லது காணாமலே போகலாம். இயற்கைக் காட்சியில் ஒரு மரம் குறைந்தால் நஷ்டமில்லை. கல்வெட்டில் ஓர் எழுத்து மாறினால் தானம் கொடுத்தவர் பெயரே மாறிவிடும்.

அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவே உள்ள திருமுல்லைவாயில் மாசிலாமணீஸ்வரர் கோயிலிலும் சோழர் காலக் கல்வெட்டுகள் உண்டு. இன்று சாதாரண செல்போனிலேயே அவற்றை நீளப் படமாக்கலாம். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: ஒட்டிய படம் பார்வைக்கு, ஒட்டாத மூலப் படங்கள் சாட்சிக்கு. இரண்டையும் சேர்த்தே பத்திரப்படுத்த வேண்டும்.