பால்–பிரவுன் ஆய்வு

நிறுவனங்கள் அறிவிக்கும் ஆண்டு இலாபத்துக்கும் அவற்றின் பங்கு விலைக்கும் உள்ள தொடர்பைப் புள்ளியியல் வழியில் ஆராய்ந்த முன்னோடிக் கணக்கியல் ஆய்வு. ஆஸ்திரேலிய அறிஞர்களான ரே பால், பிலிப் பிரவுன் இருவரும் நடத்திய இவ்வாய்வு, 1968இல் ‘ஜர்னல் ஆஃப் அக்கவுண்டிங் ரிசர்ச்’ இதழில் வெளிவந்தது. இது மூலதனச் சந்தை ஆய்வு வகையைச் சார்ந்தது.

முறை: நியூயார்க் பங்குச் சந்தையில் இடம்பெற்ற 261 நிறுவனங்களின் 1957–1965 கால இலாப அறிவிப்புகள், எதிர்பார்ப்பைவிட மிகுந்தவை, குறைந்தவை என இரண்டாகப் பகுக்கப்பட்டன. அறிவிப்புக்கு முந்தைய 12 மாதங்களுக்கும் பிந்தைய 6 மாதங்களுக்கும், பொதுச் சந்தைப் போக்கை நீக்கிய பங்கு ஆதாயம் கணக்கிடப்பட்டது.

முடிவுகள்: இலாபம் மிகுந்த நிறுவனங்களின் பங்குகள் ஏற்றமும், குறைந்தவற்றின் பங்குகள் இறக்கமும் கண்டன. ஆண்டறிக்கை தரும் தகவலில் 85 முதல் 90 விழுக்காட்டை, இடைக்கால அறிக்கைகள் உள்ளிட்ட பிற வழிகளில் சந்தை முன்னதாகவே அறிந்திருந்தது. அறிவிப்புக்குப் பின்னரும் விலை சிறிது காலம் அதே திசையில் நகர்ந்தது.

சிறப்பு: நிதி அறிக்கைகளின் இலாப எண்கள் பொருளற்றவை என்ற அக்காலக் கருத்தை இவ்வாய்வு மறுத்தது. கணக்கியல் ஆய்வு, நெறிமுறை விவாதத்திலிருந்து தரவுச் சோதனைக்குத் திரும்ப வழிவகுத்தது. அமெரிக்கக் கணக்கியல் சங்கம் 1986இல் இதற்கு விருது வழங்கியது.